இருபத்துநாலில் ஒரு பங்கு கார்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் 1970-களின் நடுவே ஒரு கம்பெனி போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கியது. வாங்கியதும் அதைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கதவு, பானட், சீட், என்ஜின், சஸ்பென்ஷன் என்று கடைசி போல்ட்டு வரைக்கும் கழற்றி அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வரைந்துகொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி பூட்டத் தெரியவில்லை என்பது புரிந்தது. போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுத்தான் அந்த உதிரிக் குவியலைத் திரும்பக் காராக்க முடிந்தது.

கம்பெனியின் பெயர் டாமியா. இத்தனை பாடும் அந்த 911-இன் ரேஸ் வடிவமான போர்ஷே 934 என்ற காரை 1/12 அளவில் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதற்காக. நாலே கால் மீட்டர் கார், முடிவில் ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் மேஜை மேல் உட்காரும். அதை உதிரி உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். அசலைப் பூட்டத் தெரியாமல் விழித்தவர்கள், நகலை யார் வேண்டுமானாலும் பூட்டும்படி செய்துவிட்டார்கள்.

இதற்கு ஆன செலவு கொஞ்சநஞ்சமல்ல. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று, அதே பாடிக்குள் மோட்டாரும் பேட்டரியும் வைத்து, ரேடியோவில் ஓடும் காராக 1976 டிசம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். உலகமெங்கும் புகழ்பெற்ற டாமியா ரிமோட் கார்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டது, இந்தக் கைமீறிப் போன செலவுதான்.

ஓடுகிற கார்களுக்கு ரசிகர்கள் ஏராளம், அவர்கள் கதை தனி. நாம் பார்க்கப்போவது ஓடாத கார்களை. மாதக்கணக்கில் இழைத்து இழைத்துக் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தூசி படாமல் பார்த்துக்கொள்ளும் கார்களை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பொம்மை. கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் வேறு. அசலின் ஒவ்வொரு அளவையும் பிசகாமல் 24-ஆல் வகுத்துக்கொண்டே போனால் நல்ல மாடல் கிடைக்காது. எங்கே கணக்கை மதிப்பது, எங்கே கணக்கை மீறிக் கண்ணுக்கு ஏற்றபடி பொய் சொல்வது என்று தெரிந்துகொள்வதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

அடியும் அங்குலமும்

24 என்ற எண் எங்கிருந்து வந்தது? அடி, அங்குலக் கணக்கிலிருந்து. ஒரு அடிக்கு 12 அங்குலம். அசலின் ஒரு அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 1/24. ஒரு அங்குலமாகச் சுருக்கினால் 1/12. முக்கால் அங்குலத்தில் பாதி என்று வைத்தால் 1/32. சின்ன டை-காஸ்ட் கார்களில் காணப்படும் 1/43 என்ற விநோத எண், பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓ கேஜ் ரயில் வைத்திருந்தவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதற்குக் கார் தேடினார்கள், அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற அந்த ரயில் கணக்கிலேயே கார்களும் வந்து சேர்ந்தன.

அமெரிக்கக் கம்பெனிகள் மட்டும் 1/25 என்று ஒரு பிடிவாதம் பிடிக்கின்றன. 24-க்கும் 25-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டுவிடாதீர்கள். ஆயுள் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஐந்து மீட்டர் காரில் இந்த வித்தியாசம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும். இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சாதாரணக் கண்ணுக்கே தெரியும்.

ஷோரூம் இனாம்

இந்தப் பொழுதுபோக்கை வளர்த்துவிட்டதில் பெரும்பங்கு குழந்தைகளுக்கு இல்லை, கார் விற்கிறவர்களுக்குத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, டெட்ராய்ட் கார் கம்பெனிகள் தங்கள் புது மாடல்களைச் சின்னதாகச் செய்து டீலர்களிடம் கொடுக்க ஆரம்பித்தன. 1948-ல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. இந்த வேலைக்காகவே பிறந்த கம்பெனி. அலுமினியம் மாடல் டாய்ஸ் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். அலுமினியத்தில் ஆரம்பித்துச் சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் குட்டிக் கார்கள் அந்த வருடத்துக் கம்பெனி வண்ணங்களிலேயே வந்தன. அப்பா ஷோரூமில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது பையன் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. இதில் ஒரு ரகசியமும் இருந்தது. புதுக் கார் வெளியாகும் அன்றே குட்டிக் காரும் டீலர் மேஜையில் இருக்க வேண்டும் என்பதால், அசல் காரின் வரைபடங்கள் முன்கூட்டியே மாடல் கம்பெனிக்கு வந்துவிடும். ஊரே பார்க்கத் தவம் கிடக்கும் காரின் உருவம், அச்சு வெட்டுகிற ஆசாரிக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும்.

1958-ல் ஏ.எம்.டி. செய்ததுதான் திருப்பம். பூட்டி முடித்த காரைக் கொடுப்பதற்குப் பதிலாக, அதே அச்சில் வார்த்த பாகங்களைத் தனித்தனியாகப் பெட்டியில் போட்டு, கூடவே கூடுதல் உதிரிகளும் சேர்த்து விற்றார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே கட்டலாம், அழகுக்கு மாற்றிக் கட்டலாம், ரேஸ் காராகவும் கட்டலாம். 'மூன்று வகையில் ஒன்று' என்ற அந்தப் பெட்டி, கார் ஓட்டும் வயது வராத பையன்களைக் கார் வடிவமைப்பாளர்களாக்கியது. கலிஃபோர்னியாவில் அசல் கார்களை வெட்டி ஒட்டிப் பெயர் வாங்கிய ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்களை மாடல் கம்பெனிகள் ஆலோசகர்களாக வைத்துக்கொண்டன.

கார் வடிவமைப்பாளர்களாக்கியது என்றேன், சும்மா சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி, 1930-லிருந்து 1968 வரை பதின்ம வயதுப் பையன்களுக்காக ஒரு மாடல் போட்டியை நடத்தியது. ஆரம்பத்தில் செய்யச் சொன்னது கார் கூட இல்லை, நெப்போலியன் காலத்துச் சாரட்டு வண்டி. அதுதான் ஃபிஷர் பாடியின் சின்னம். மரம் இழைத்து, உலோகம் தட்டி, துணி தைத்து, அத்தனையும் கையால் செய்ய வேண்டும். 1937 முதல் சொந்தக் கற்பனையில் 1/12 அளவுக் கார். பரிசு கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-ல் அதில் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டான் என்ற பையன், பிற்பாடு 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒட்டுமொத்த வடிவமைப்புக்கும் துணைத் தலைவரானார். ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய ஆளைப் பன்னிரண்டு, பதினைந்து வயதிலேயே மரத்தூசியோடு அடையாளம் கண்டுகொள்ள இதைவிட மலிவான வழி இருந்திருக்க முடியாது. நம் ஊர் கார் கம்பெனிகள் ஏன் இப்படி ஒன்றை யோசிப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

சில சமயம் நகல் முந்திக்கொண்டு அசல் பின்னால் வந்ததும் உண்டு. மோனோகிராம் என்ற மாடல் கம்பெனிக்காக டாம் டேனியல் என்ற ஓவியர் 1968-ல் கற்பனையாக ஒரு கார் வரைந்தார். கூரைக்குப் பதில் ஜெர்மன் போர்வீரனின் இரும்புத் தொப்பி. பெயர் ரெட் பேரன். பெட்டி பெட்டியாக விற்றது. விற்ற வேகத்தைப் பார்த்து அதை நிஜமான, ஓடக்கூடிய காராகவே கட்டி, கார் கண்காட்சிகளில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்தின் இருண்ட பக்கம் பசையில் இருந்தது. பிளாஸ்டிக் பசையின் நெடியை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்கப் பையன்களிடையே பரவியது. டெஸ்டர்ஸ் என்ற பசைக் கம்பெனி 1969-ல் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது: பசையில் கடுகு எண்ணெயின் காரச் சாரத்தைக் கலந்துவிட்டார்கள். முகர்ந்தவன் கண்ணில் தண்ணீர் கொட்ட, அதோடு ஆசை விட்டுப்போகும்.

மரக்கடை வைத்திருந்தவர்கள்

டாமியா ஆரம்பத்தில் மரக்கடை. 1946-ல் யோஷியோ டாமியா ஷிசுவோகாவில் வைத்த மர வியாபாரம். கோயில் கட்ட வந்த தச்சர்கள் அங்கேயே தங்கிவிட்டதால்தான் தங்கள் ஊர் மரவேலையில் பேர்போனது என்று ஷிசுவோகாக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஊரில் மரத்தாலான மாடல் கப்பல், விமானம் செய்வது பக்கத்தொழிலாக ஓடிக்கொண்டிருந்தது. டாமியாவும் அதில் இறங்கியது. 1951-ல் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. கொஞ்ச காலத்தில் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு மாடலே கதி என்று ஆனார்கள்.

1950-களின் கடைசியில், பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் ஜப்பானுக்குள் நுழைந்தன. மர மாடலை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. டாமியா 1960-ல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாடோ போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. அதே கப்பலைப் போட்டிக் கம்பெனி விலை குறைத்துப் போட, பலத்த அடி. அடுத்து வந்த பேன்தர் டாங்கிதான் கைகொடுத்தது. டாங்கிக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் திணிக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்து, பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. இன்று உலகத்தின் டாங்கி மாடல்கள் பெரும்பாலும் 1/35 அளவில்தான் வருகின்றன. பேட்டரி போட்ட உத்தரவுக்கு உலகம் கட்டுப்பட்டு நிற்கிறது.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு டாமியாதான் கார்களைக் கொண்டுவந்தவர். 1967-ல் வந்த ஹோண்டா ஆர்.ஏ.273 ஃபார்முலா ஒன் கார், 1/12 அளவில், என்ஜினின் குழாய் வரைக்கும் பாகம் பாகமாக. போர்ஷேயைப் பிரிக்க வைத்ததும் இவர்தான். 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார். அதே ஷிசுவோகா வட்டாரத்தில் ஹசேகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி என்று மற்ற மாடல் கம்பெனிகளும் இருக்கின்றன. பண்டாய் கம்பெனியின் கண்டம் ரோபோ மாடல்களும் ஷிசுவோகா நகரத்தில்தான் வார்க்கப்படுகின்றன. மே மாதம் நடக்கும் கண்காட்சியில் கம்பெனிகளின் அரங்குகளோடு, வீட்டு மேஜையில் கட்டியவர்களின் மாடல்களும் வரிசை கட்டி நிற்கும்.

ரேஸ் கார் கிட்டுகளில் ஒரு நகைச்சுவை உண்டு. 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்த மெக்லாரன் எம்.பி.4/4 காரைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, நடுவே சிகரெட் கம்பெனிப் பெயர். புகையிலை விளம்பரத் தடைகள் வந்த பிறகு வெளியாகும் கிட்டுகளில் அந்தப் பெயர் கிடையாது. அதைக் கட்டுகிறவர்கள், சிகரெட் பெயர் மட்டும் அச்சிட்ட ஸ்டிக்கரைச் சிறு தயாரிப்பாளர்களிடம் தனியாக வாங்கி ஒட்டுகிறார்கள். வாழ்நாளில் ஒரு பீடி கூடப் பிடிக்காதவர்கள், சரித்திரம் சரியாக வர வேண்டும் என்று சிகரெட் பெயரைத் தேடி அலைகிறார்கள்.

பெயின்ட் சொல்லும் பொய்

கிட் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது காரின் பாடி. மற்ற பாகங்கள் எல்லாம் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பார்கள். பாடியைச் சுற்றி நாலைந்து அச்சுத் துண்டுகள் வந்து சேர்வதால், அவை சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஃபெண்டர் மேலும் தூண்கள் மேலும் ஓடும். அசல் காரில் அந்தக் கோடு இல்லை. உப்புத்தாளால் முதலில் தேய்த்து எடுக்க வேண்டியது அதைத்தான். புதிதாகக் கட்டுகிறவரையும் பழகியவரையும் இந்த ஒரு கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பசை என்று நாம் சொல்வதும் உண்மையில் பசை அல்ல. அது ஒரு கரைப்பான். இரண்டு பாகங்களின் விளிம்பையும் லேசாக உருக்கும். அது ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே இடுக்குக்குள் ஓடும். ஃபெவிகுவிக்கைக் கண்ணாடிப் பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், அதன் ஆவி பட்டு விண்ட்ஷீல்டு வெள்ளையாகப் பூத்துவிடும். அதை எடுக்க வழி இல்லாமல் இல்லை, பாலிஷ் போட்டே கை ஓய்ந்துவிடும்.

இனி பெயின்ட். கணக்கு கைவிரிக்கும் இடம் இதுதான். ரோட்டில் போகும் காரின் மேல் இருக்கும் பெயின்ட், பிரைமர் முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்து, சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். அதை 24-ஆல் வகுத்தால் 0.004 மில்லிமீட்டர். அத்தனை மெல்லியதாக எந்த ஸ்ப்ரேயாலும் அடிக்க முடியாது. மாடலிலும் கடைசியில் கிட்டத்தட்ட அதே 0.1 மில்லிமீட்டர்தான் விழும். அசல் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் காரை பூசிய காருக்குச் சமம் அது.

இதன் விளைவு கதவு இடுக்கில் தெரியும். அசல் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி என்றால், 1/24-ல் 0.17 மில்லிமீட்டர். அதன் மேல் பிரைமர், நிறம், வார்னிஷ் என்று அடுக்கினால் கோடு நிரம்பிப் போய், கதவே இல்லாத கார் மாதிரி ஆகிவிடும். எனவே பழகியவர்கள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கத்தியின் முதுகாலோ கூர்மையான ஊசியாலோ ஒவ்வொரு கோட்டையும் இழுத்து இழுத்து ஆழமாக்குவார்கள். கணக்குப்படி அது தப்பு. பெயின்ட் அடித்த பிறகுதான் சரியாகும். கடைசியில் நீர்க்கக் கரைத்த கறுப்பு நிறத்தை அந்தக் கோட்டில் ஓட விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்தெடுத்தால், கதவுக்குப் பின்னால் நிஜமாகவே இருட்டு இருப்பது போலக் கண் நம்பிவிடும்.

நிறமும் அப்படித்தான். அசல் காருக்கு அடிக்கும் மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கும் ஜிகினாத் துகள் குட்டிக் காருக்குக் கூழாங்கல் அளவு. கார் கடையில் வாங்கிய டச்-அப் ஸ்ப்ரேயை அப்படியே மாடலுக்கு அடித்தால், நிறம் மிகச் சரியாக இருக்கும், கார் மட்டும் பொய்யாக இருக்கும். அதனால்தான் மாடலுக்கென்று மிக நுண்ணிய துகள் போட்ட பெயின்ட்டைத் தேடுகிறார்கள். அதேபோல், சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடிக்க ஆசைப்படுகிறவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அடியிலிருக்கும் சிவப்பு மெல்ல மேலேறி வெள்ளையை ரோஸ் ஆக்கிவிடும். நடுவே சில்வர் ஒரு கோட்டு அடித்து அணை கட்டுவது வழக்கம்.

ஸ்ப்ரேயை ஒரே அடியில் நனைய அடித்தால் வழியும், தூரத்திலிருந்து அடித்தால் ஆரஞ்சுத் தோல் விழும். பனி போல மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, பிறகு நனைந்தாற்போல ஒரு தடவை. நன்றாக உலர்ந்த பிறகு 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், பின்பு காம்பவுண்டு போட்டுப் பாலிஷ். தேய்க்கும்போது விளிம்புகளைத் தொடக் கூடாது, அங்கேதான் பெயின்ட் மெலிந்து அடிப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். இதெல்லாம் நம் ஊர் டிங்கரிங் ஷெட் பெயின்டர் தினம் செய்கிற அதே வேலை, அதே வரிசை.

பழைய அமெரிக்கக் கார்களுக்கு ஜன்னலைச் சுற்றி மின்னும் குரோம் பட்டை இருக்கும். அதைப் பெயின்ட்டால் செய்தால் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அதற்கென்று ஒட்டும் பசையோடு வரும் மெல்லிய உலோகத் தாள் இருக்கிறது. மூச்சு விட்டால் சுருண்டுகொள்ளும். அதைப் பட்டை மேல் விரித்து, பட்ஸால் அழுத்தி, பட்டையின் உருவம் மேலெழும்பி வந்த பிறகு, புத்தம்புது பிளேடால் விளிம்பைத் தொட்டாற்போல வெட்ட வேண்டும். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், அழுத்திய பிளேடு பெயின்ட்டையும் சேர்த்து அறுக்கும். ஒரு ஜன்னலுக்கு ஒரு சாயங்காலம் போகும்.

பானட்டுக்குள் இறங்கினால் இன்னும் பித்து. செவ்ரோலெட்டின் வி8 என்ஜினைக் கட்டுகிறவர், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு ஸ்பார்க் பிளக்குக்கும் முடி போன்ற ஒயர் இழுப்பார். எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு? 1-8-4-3-6-5-7-2 என்ற அசல் என்ஜினின் எரியும் வரிசைப்படி. அந்த என்ஜின் ஒருநாளும் எரியப்போவதில்லை. பானட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஆனால் போட்டியில் நடுவர் டார்ச் அடித்துப் பார்ப்பார், அது கட்டுகிறவருக்குத் தெரியும். இந்தச் சள்ளையே வேண்டாம் என்பவர்களுக்கு என்ஜினே இல்லாத கிட்டுகளும் உண்டு, ஜப்பான் கம்பெனிகள் நிறையவே போடுகின்றன. என்னைக் கேட்டால் முதல் காருக்கு அதுதான் புத்திசாலித்தனம். பாடியும் பெயின்ட்டும் கைவந்த பிறகு என்ஜினுக்குப் போகலாம்.

சுங்கத்துக்கு எல்லாமே பொம்மை

நம் நாட்டில் இந்தப் பித்து பிடித்தவர்களின் பாடு தனி. சுங்கத் துறையின் அட்டவணையில் அளவு சுருக்கிய மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆக உயர்ந்தது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயம். சீனாவிலிருந்து வந்து குவியும் மட்டமான பொம்மைகளைத் தடுக்க எழுப்பிய சுவர் அது. தடுத்ததில் தப்பில்லை, உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது தேவைதான். ஆனால் ஐம்பது வயது பேங்க் அதிகாரி தனக்காக வரவழைக்கும் ஃபெராரி கிட்டும் அதே சுவரில் வந்து முட்டுகிறது.

கிட்டாவது வரி கட்டினால் வரும். பெயின்ட் அப்படிக்கூட வராது. தீப்பிடிக்கும் திரவம் என்பதால் அதைச் சாதாரண ஏர்மெயிலில் அனுப்ப விடமாட்டார்கள். ஆக, இங்கே கட்டுகிறவர்கள் கார் பெயின்ட் கடைக்குத்தான் போகிறார்கள். வேண்டிய நிறத்தைச் சொல்லி என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பெயின்ட் நூறு மில்லி கலந்து வாங்கி, தின்னர் ஊற்றி, ஏர்பிரஷ்ஷில் அடிக்கிறார்கள். தின்னர் அதிகமானால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். எனவே முதலில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளம் நிரப்பக் கார் பட்டி. மொட்டை மாடியில், காற்று அடங்கிய காலை நேரத்தில், முகமூடி போட்டுக்கொண்டு. மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டால் லாக்கர் பெயின்ட் சாம்பல் பூத்துவிடும் என்பதால், சென்னையில் நவம்பர் மாதம் பெயின்ட்டுக்கு விடுமுறை.

மெட்ராஸ் ஹெரால்டு, கரூர் பஸ்

நாம் பார்த்து வளர்ந்த கார்களுக்குக் கிட் உண்டா? ஒன்றுக்கு, கிட்டத்தட்ட, உண்டு. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். அந்த ட்ரையம்ஃபை பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1/32 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் கார். முன்பக்கப் பெயரை மாற்றினால் ஆரம்பகால மெட்ராஸ் ஹெரால்டு தயார்.

ஆனால் நம் ஊர் ரோடுகளில் ஓடிய நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் பிறந்ததே இல்லை. குடும்பத்தோடு ஏறி இறங்க வசதியாக, 1960-களின் பிற்பகுதியில் இங்கேயே செய்த மாற்றம் அது. கிட்டில் இருப்பதோ இரண்டு கதவு. எனவே மெட்ராஸ் காரைக் கட்டுகிறவர், பழைய கதவுக் கோட்டைப் பட்டி போட்டு மூடி, நடுத்தூணை முன்னால் நகர்த்தி, பின்கதவுக்குப் புதுக் கோடு கீற வேண்டும். பின்கதவின் பின்விளிம்பு சக்கர வளைவை ஒட்டி வளைந்து இறங்கும். அந்த வளைவு பிசகினால் எல்லாம் பிசகும். பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேப்பை ஒட்டி வளைவைப் பழகிப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஊசியை எடுப்பார்கள்.

கிட்டே வேண்டாம் என்று ஒதுங்கிய இன்னொரு கூட்டம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வளர்ந்து நிற்கிறது. அவர்கள் செய்வது பஸ். அரசு பஸ், தனியார் டவுன் பஸ், ஆம்னி பஸ். ஃபோம் ஷீட்டை வெட்டி பாடி, ஓ.எச்.பி. ஷீட்டில் ஜன்னல் கண்ணாடி, ஸ்டிக்கர் கடையில் அச்சடித்த பெயரும் ஊர்ப் பலகையும், எல்.இ.டி. விளக்கு, டிரைவர் தலைக்கு மேலே குட்டிச் சாமி படம், அதற்கு மாலை. பதினொரு மீட்டர் பஸ் 1/24-ல் 46 சென்டிமீட்டர் வரும். செய்கிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், சிலர் பள்ளிப் பையன்கள். பஸ் முதலாளிகளே ஆர்டர் கொடுத்துத் தங்கள் வண்டியைச் செய்து வாங்கி, ஆபீஸில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது.

இவர்களை ஏர்ஃபிக்ஸ், டாமியா ரசிகர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அளவு துல்லியம் போதாது, ஃபோமின் விளிம்பு மழுங்கல் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசலை இவர்கள் அளவுக்குப் புரிந்துகொண்டு கட்டுகிறவர்கள் குறைவு. நம் தனியார் பஸ் ஒரே தொழிற்சாலையில் பிறப்பதில்லை. அசோக் லேலண்டிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். பாடி, கரூரிலோ வேறு ஊரிலோ இருக்கும் பட்டறையில், முதலாளியின் விருப்பப்படி, கையால் கட்டப்படும். சட்டம் அடித்து, தகடு போர்த்தி, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடித்து, கடைசியில் பெயர் எழுதுவார்கள். பையன் ஃபோம் ஷீட்டில் செய்வதும் அதே வரிசைதான். டாமியா அசலைப் பிரித்து நகலைக் கற்றது, இவர்கள் அசல் கட்டப்படும் முறையையே நகலெடுக்கிறார்கள்.

கம்பெனி வரைபடம் என்று ஒன்று கிடையாது. ஒரே பட்டறையில், ஒரே மாதத்தில், ஒரே முதலாளிக்குக் கட்டிய இரண்டு பஸ்ஸில்கூட ஜன்னல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும், ஆனால் பின் ஏணி இருக்கும் இடம் மாறும், பம்பர் உயரம் மாறும். அதனால் 'இந்தக் கம்பெனி பஸ்' என்று சொல்லி வேலையைத் தொடங்க முடியாது. முதலில் எந்த வண்டி என்று பதிவெண்ணோடு முடிவாக வேண்டும். பிறகு அந்த வண்டி டிரிப் முடிந்து ஸ்டாண்டில் நிற்கும் நேரம் பார்த்து, கண்டக்டரிடம் அனுமதி கேட்டு, டேப்போடு போவார்கள். டீ குடித்துவிட்டு டிரைவர் ஏறுவதற்குள் ஒரு பக்கத்தையாவது அளந்து முடிக்க வேண்டும்.